சம்பந்தியம்மாவின் இருபது கிலோ கேரட்

எனக்குப் பேத்தி பிறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. அந்தச் சின்ன மகாராணியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நினைப்பெல்லாம் மருமகளைப் பெற்ற என் சம்பந்தியம்மா மேலேயே போகிறது.

அவருக்குக் காய்கறி வியாபாரம். பக்கத்து ஆறு தோட்டங்களில் விளைவதை மட்டும்தான் விற்பார். என் சரக்கு ஆட்டோ அரை மணியில் போய்ச் சேர முடியாத இடத்துக் காய் அவர் கூடையில் ஏறாது. அதற்காகவே ஆஸ்பத்திரி சமையலறை ஆர்டர் அவரைத் தேடி வந்தது. அதை நம்பித் தன் கடையையும் விட்டுவிட்டார்.

வெயில் முற்றியது. தோட்டங்களில் பூசணியும் வெண்டையும்தான் மிச்சம். அப்போது பார்த்து சமையலறை மேனேஜர் சீட்டு அனுப்பினார்: திங்கட்கிழமை கேரட் இருபது கிலோ.

இந்த வெயிலில் எங்கள் பக்கம் கேரட் வராது. பேத்தியை மடியில் போட்டிருந்தும் சம்பந்தியம்மாவின் கண் சீட்டை விட்டு நகரவில்லை.

"இல்லேன்னா வேற ஆளைப் பிடிச்சுடுவார், சம்பந்தி. கடையையும் விட்டுத் தொலைச்சேனே."

"மார்க்கெட்ல வாங்கிப் போட்டுடலாம். கேரட்டு மேல ஊர் பேரா எழுதியிருக்கு?"

"நல்லா இருக்கே! பேத்திக்கும் இதத்தான் சொல்லிக் குடுப்பீங்களா?"

நான் பேச்சோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வந்துவிட்டேன். மார்க்கெட் கேரட் கழுவிப் பளபளவென்று வரும். தோட்டத்துக் கேரட் மண்ணோடு வரும். அதனால் ஒரு வாளி தோட்டத்து மண்ணைக் குழைத்து ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா வந்து பார்த்தார். "என்ன சம்பந்தி, கேரட்டுக்குப் பவுடரா?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். "கண்டுபிடிச்சா ஆறு தோட்டத்துக் காயையும் சேர்த்துத்தான் தூக்கி எறிவாங்க."

மறுநாள் பூசணியையும் கேரட்டையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சமையலறை வாசலில் மேனேஜர் வந்ததும் சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்:

"சார், பூசணி எங்க தோட்டத்துது. கேரட் மார்க்கெட்டுது. மேல இருக்கிற மண்ணு எங்க சம்பந்தி பூசினது."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. மேனேஜர் ஒரு கேரட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நோயாளிங்களுக்குக் கேரட் வேணும்மா. இங்க விளையலேன்னா வெளியிலதான் வாங்கியாகணும்."

"வாங்கிக்கோங்க சார். விளையறத மட்டும் எங்கிட்ட வாங்குங்க. அடுத்த மாசம் என்ன வரும்னு முன்னாடியே எழுதித் தர்றேன்."

மேனேஜர் கேரட்டைக் கூடையில் போட்டார். "ரெண்டு மாசம் பார்க்கிறேன். எழுதினது வரலேன்னா அதோட சரி."

பாதி ஆர்டர் போனது, பாதி கையில் நின்றது. திரும்பும்போது சம்பந்தியம்மா முதல் தோட்டத்திலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"அடுத்த மாசம் என்னண்ணே வரும்?"

தோட்டக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழை பேஞ்சா பீன்ஸ் வரும்."

"எழுதிக்கோங்க சம்பந்தி, பீன்ஸ்."

எழுதினேன். அவரும் வானத்தைப் பார்த்தார்.

"வேணாம், அடிச்சிடுங்க."