வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிய கொப்பி

1997 மார்ச் 9, ஞாயிறு, காலை 8.40. மேகமில்லை, மெல்லிய கடற்காற்று. கொழும்பு வெள்ளவத்தை ரயில் பாதையோரத்தில் நானும் கொம்பனித்தெரு முஸ்லிம் நண்பர் ஒருவரும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த மாதத்தில் அவை கூட்டமாக இடம்பெயரும். எத்தனை, எந்த நேரம், எந்தத் திசை என்று கொப்பியில் குறிப்பேன். இடம் விளங்க ரயில் பாதையையும் கால்வாய்ப் பாலத்தையும் வரைந்து வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

காவலரணிலிருந்து வந்த சிப்பாய் கொப்பியைப் புரட்டினான். பாலம், 8.15, 43, தெற்கே ஓர் அம்புக்குறி.

"அங்கிள், ரயில்ல போற ஆமி எண்ணுறதா?"

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இராணுவத்தை உளவு பார்க்கும் புலி என்று பிடித்துப்போக அதுவே போதும்.

"சமனலயோ, மாத்தயா" என்று நண்பர், வண்ணத்துப்பூச்சிகள் ஐயா என்பதைச் சிங்களத்தில் சொன்னார்.

"எங்க? காட்டுங்க."

பதினேழு நிமிடம் ஒன்றுகூட வரவில்லை. எங்களை ஏற்றிப்போக ஜீப்புக்குச் சொல்லி அனுப்பப் போவதாகச் சிப்பாய் சொன்னான்.

"எழுதாமப் பாக்க ஏலாதா மனுசா ஒங்களுக்கு?" என்று நண்பர் பல்லைக் கடித்தார்.

பதினெட்டாவது நிமிடம் மஞ்சளாக ஆறு பூச்சிகள் பாலத்தைத் தாண்டித் தெற்கே பறந்தன. சிப்பாயும் விரல் நீட்டி எண்ணினான். பிறகு கொப்பியை என் கையில் வைத்தான்.

"இனி எழுத வேணாம், அங்கிள். அடுத்த ஆள் நிண்டு பாக்க மாட்டான்."

அன்று மத்தியானமே பதினொரு வருடக் கொப்பிகள் ஏழையும் அடுப்பில் எரித்தேன். வாங்கிய விலையைக் கூட்டினால் நூற்று முப்பத்தெட்டு ரூபா ஐம்பது சதம்.