ஐம்பத்திரண்டு கிலோ வெல்லம்

எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் என் எடைக்கு எடை வெல்லம் தருவதாகக் குலதெய்வத்திடம் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். கிடைத்தது. முதல் வருடம் முடிந்து ஹாஸ்டலிலிருந்து வந்த அன்றே, ஐம்பத்திரண்டு கிலோ வாங்கியாயிற்று என்றாள். காலேஜில் சேர்ந்தபோது மெடிக்கல் சர்டிபிகேட்டில் இருந்த எடை அது. இப்போது நான் அந்த எடை இல்லை.

இரண்டு பேப்பர் அரியர். வீட்டில் சொல்லவில்லை. ரிசல்ட் வந்த நாளிலிருந்து மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்தால் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காது. தலைமுடி கொத்தாக வந்தது. மாதவிலக்கு மூன்று மாதமாக இல்லை. நானாகப் பட்டினி கிடந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். இந்த உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை, அதுதான் பயம். வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டி, வீட்டில் தொளதொள சுடிதாரில் சமாளித்தேன். அத்தை மட்டும், ஸ்லிம்மாகி அழகாகிவிட்டேன் என்று மெச்சினாள்.

குலதெய்வக் கோயில், அடி அண்ணாமலை என்ற ஊரைத் தாண்டி இருந்தது. கிளம்பும் முன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். பட்டுப்புடவைக்குள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டேன். அரியர் வாங்குகிற மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது. அம்மனையே ஏமாற்றப் போகிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

துலாபாரத் தட்டில் உட்கார்ந்தேன். பூசாரி எதிர்த்தட்டில் வெல்லத்தை ஏற்றி முடித்ததும் அது தொம்மென்று தரையில் இறங்கியது. நான் மேலே போனேன். கால் அந்தரத்தில் தொங்க, சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டு உருண்டையை எடுத்தார். நான் இறங்கவில்லை. இன்னும் நாலு எடுத்தார். அப்போதும் இறங்கவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க பூசாரி. சாமிக்குனு கொண்டாந்தத எடுக்கக் கூடாது" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "எப்பலேர்ந்துடி?"

கீழே இறங்கவும் வழியில்லை, ஒளியவும் இடமில்லை.

"ரெண்டு அரியர்மா. அதுலேர்ந்து சோறு எறங்கல. எனக்குப் பயமா இருக்குமா."

அம்மா திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு திறந்து பார்த்தேன். பூசாரி எடுத்து வைத்த உருண்டைகளை அவளே திரும்ப எதிர்த்தட்டில் அடுக்கினாள். பிறகு என் தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் கீழே அழுத்தினாள். தட்டுகள் சமமாயின.

"சரியாப் போச்சு. கற்பூரம் காட்டுங்க."

அவர் காட்டி முடிக்கும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.