மூங்கில் பூத்த வருடத்து ஜெபம்

எங்கள் ஊருக்கு மேலே இருந்த மூங்கில் காடு பூத்தபோது யாரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. பெரியவர்கள் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதையே தவிர்த்தார்கள். பூ மூங்கிலரிசியானதும் எலிகள் வந்தன. அரிசி தீர்ந்ததும் சாமைக் காட்டுக்குள் இறங்கின. அறுப்புக்கு அரிவாளோடு நாங்கள் போனபோது கதிரில்லாத வெறும் தாள்தான் நின்றது. பசி வந்த வீடுகளுக்குள் பின்னாலேயே காய்ச்சலும் வரும் என்று எங்கள் மலையின் தேவனூர் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக ஊரே காத்திருந்தது.

முந்தைய வருடம்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஞானஸ்நானம் பெற்றிருந்தோம். அதற்கு முன்பு அவர் ஒருமுறை மிளகு மூட்டையோடு காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியபோது காய்ச்சலில் விழுந்து, அடிவாரத்தில் ஒரு சின்ன மருந்துச்சாலையில் பல நாள் கிடந்தார். அங்கேதான் எழுத்துக் கூட்டக் கற்றார். இயேசுவைப் பற்றியும் அங்கேதான் கேட்டார். திரும்பி வந்தவர் ஒரு வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கூரை எரவாணத்தில் செருகி வைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சாயங்காலம், குஷ்டரோகி ஒருவனை இயேசு கை நீட்டித் தொட்ட கதையை வாசித்தார். என் அப்பாவுக்கு அந்த நோய் இருந்தது. ஊர் அவரைக் காட்டோரத்தில் தனிக் குடிசையில் வைத்திருந்தது. சாகும்வரை ஒரு கைகூட அவர்மேல் படவில்லை. அந்தக் கதையைக் கேட்ட பிறகு நான் மறுபேச்சுப் பேசவில்லை.

காய்ச்சல் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எங்களுக்கு ஒரே மகள். பேச்சு தெளிந்து வந்த வயது. உடம்பு கொதித்தது, பிறகு நடுங்கியது, மறுபடி கொதித்தது. அவர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். குஷ்டரோகியைத் தொட்டவர் இவளையும் தொடுவார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. அவள் போய்விட்டாள். பலா மரத்துக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும்தான் குழி வெட்டினோம். அவருடைய அண்ணன் மட்டும் வந்து தூரத்தில் நின்றார். மண் போடக் கிட்டே வரவில்லை.

அடுத்து மேலத் தெருவில் ஒரு கிழவர். அதன்பின் பிள்ளைகள். சாமியை விட்ட வீட்டில் ஆரம்பித்த கேடு ஊரைச் சுற்றுகிறது என்று பேச்சு எழுந்தது. யாரும் எங்களிடம் வந்து சொல்லவில்லை. பெண்கள் எங்கள் வாசலைக் கடக்காமல் முள்வேலி ஓரமாகச் சுற்றிப் போனார்கள். ஒரு காலை கதவைத் திறந்தபோது எங்கள் தடத்தின் குறுக்கே சாம்பலால் கோடு போட்டு, அறுத்த எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஊற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றாகி, நான் கீழே ஓடைக்கு இறங்கினேன். மூடுபனிக்குள் எனக்குப் பின்னால் யாரோ நடக்கும் சத்தம் கேட்கும். நின்றால் அதுவும் நிற்கும்.

அந்த வாரத்தில் அவருடைய அண்ணன் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அம்மிணி, ஊர் கூடிப் பேசிட்டாங்க. சாமி நோம்பிக்கு ரெண்டு பேரும் கோயிலு முன்னால வந்து நின்னாப் போதும். சேவல நானே கொண்டாரேன். நீங்க ஒன்னும் பேச வேண்டாம்."

"அப்படி நின்னா, அது பொய்யாப் போயிருமுங்கண்ணா," என்றார் என் வீட்டுக்காரர்.

"புள்ளய எடுத்துக்கிட்ட சாமிய இன்னுமா கும்புடறே?"

அண்ணன் கோபத்தில் கேட்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்து, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு திரும்பிப் போனார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் புத்தகத்தை எடுக்கவில்லை.

எங்களைப் பார்க்க அடிவாரத்திலிருந்து ஓர் உபதேசியார் அவ்வப்போது மலையேறி வருவார். எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறவர். அவர் வந்தபோது பலா மரத்தடிக்குக் கூட்டிப்போய், கடவுள் ஏன் எங்கள் ஜெபத்தைக் கேட்கவில்லை, அவருக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று கேட்டேன். "எனக்குத் தெரியலீங்கம்மா," என்றார். அவருக்கும் இரண்டு குழந்தைகள் போயிருந்ததை அப்போதுதான் சொன்னார். இத்தனை நாள் சொன்ன எல்லாவற்றையும்விட அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு நம்பும்படி இருந்தது. புறப்படும்போது ஒரு பொட்டலத்தில் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரைகள் கொடுத்துவிட்டுப் போனார்.

அவை எங்களுக்கே தேவைப்பட்டன. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கொள்ளுக் காட்டில் விழுந்து கிடந்தார். இழுத்துக்கொண்டுதான் வீடு சேர்த்தேன். மாத்திரை கொடுத்ததும் காய்ச்சல் கொஞ்சம் அடங்கும், பிறகு முன்னைவிடக் கடுமையாக ஏறும். ஊரிலிருந்து பறைச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நோம்பிக்கா சாவுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், மிளகுக் கொடிகளுக்குள் நுழைந்து பின்பக்கமாக அவருடைய அண்ணன் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தன் மகனுக்கு உடம்பு சில்லிட்டு நடுங்குகிறதென்றார். சேவல் அறுத்தாயிற்று, பொங்கலும் வைத்தாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட மருந்து இருக்குதாமே, அம்மிணி," என்று கேட்டார்.

இருந்தது கொஞ்சம்தான். என் மகளைப் புதைத்தபோது தூரத்தில் நின்ற மனிதர் இவர் என்பதும் நினைவில் வந்தது. உள்ளே படுத்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாதியக் குடுத்துரு, புள்ள," என்றார்.

கொடுத்தேன். மனசார என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னதால் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கடவுளிடம் சண்டை போட்டேன். மகளைக் கொடுத்தாயிற்று, மருந்தையும் கொடுத்தாயிற்று, இவரையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தால் இனிமேல் உன் பேரைச் சொல்ல ஆளிருக்காது என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு பதிலும் வரவில்லை. கூரையில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் மகன் பிழைத்தான். சேவலுக்குச் சாமி மனமிறங்கியது என்று ஊர் சொன்னது. அண்ணன் அதை மறுத்து ஒன்றும் பேசவில்லை. என் வீட்டுக்காரரும் எழுந்தார். ஆனால் காது போயிருந்தது. முதலில் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறதென்றார். பிறகு அந்த இரைச்சலும் நின்றுவிட்டது. காய்ச்சலாலா மருந்தாலா என்று உபதேசியாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஜெபம் முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஆமென் சொல்லிவிட்டேனா என்று தெரிந்துகொள்ள.

பிறகு அவர் மறுபடி வேதப்புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தார். தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்தி வாசித்தார். அடுத்த காடு வரைக்கும் கேட்கும். கல் விழுமோ, கூரையில் தீ வைப்பார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து தடுக்க மனம் வரவில்லை. ஒருநாள் இயேசுவைச் சிலுவையில் அறைந்த பாகம் வந்தது. தொங்கிக்கொண்டிருந்தவர், என்னை ஏன் விட்டுவிட்டீர் என்று தன் தகப்பனைப் பார்த்துக் கேட்கிறார். முன்பும் அதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான், அந்தக் கேள்விக்கும் அங்கே பதில் இல்லை என்பது எனக்குப் பட்டது. அடுப்படியில் நான் கேட்டதை இயேசுவும் கேட்டிருக்கிறார். என் துக்கம் குறையவில்லை. ஆனால் அதைச் சொல்ல, அவரைத் தவிர எனக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

மறுநாள் ஓடையில், அண்ணனுடைய மனைவி குடத்தோடு நின்றிருந்தார். ஊற்றில் எடுக்க உரிமையுள்ளவர் அங்கே இறங்கி வரவேண்டிய காரணமே இல்லை.

"நேத்து படிச்சாங்களே, அந்தப் புள்ள கேட்டதுக்கு அவுங்கப்பா என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லலீங்கக்கா."

"அப்புறமுமா நீங்க கும்புடறீங்க?"

"ஆமாங்கக்கா."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தன் குடத்தை இறக்கிவிட்டு, என் குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டார். சாம்பல் கோடு போட்ட பிறகு ஊரில் ஒருவர் என்னைத் தொட்டது அன்றுதான். அடுத்த மழைக்கும் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டு ஜெபமும் நிற்கவில்லை.