அண்ணன் கொண்டுவந்த ஒரே சான்றிதழ்

அண்ணன் ரங்கூனிலிருந்து எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று போட்டிருந்த கறுப்புக் கோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காட்டு வழியே வாரக்கணக்கில் நடந்து, பிறகு ரயில் மாறி மாறி வந்திருந்தான். காலில் செருப்பு இல்லை, கையில் பை இல்லை, கன்னத்தில் சதை இல்லை. கோட்டு மட்டும் இருந்தது. அம்மா அழுதுகொண்டே அதைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்றான். குளிர்காய்ச்சல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டோம்.

ரங்கூனில் வியாபாரம் செய்த மாமாவின் வீட்டில் தங்கி அவன் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். முதல் வருஷம் தேறி, இரண்டாம் வருஷம் பாதி போயிருந்த சமயத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சான்றிதழ்களை எல்லாம் மாமா தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். பெட்டி ரங்கூனிலேயே நின்றுவிட்டது. முன்பே கப்பலேறித் தப்பிவந்த மாமா, அதன் சாவியை மட்டும் பத்திரமாக எங்களுக்குத் தபாலில் அனுப்பிவைத்தார்.

அப்பா கண்டோன்மென்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். வீட்டிலும் அவர் தலைமை ஆசிரியர்தான். ஜூன் மாதத்துக்குள் ஏதாவது ஒரு சட்டக் கல்லூரி அண்ணனை இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ராணுவ டிப்போவில் தனக்குத் தெரிந்தவர் மூலம் குமாஸ்தா வேலை என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வக்கீல் ஆவதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. நான் அப்போது டைப் கற்றுக்கொண்டிருந்ததால், வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு அவனுடைய விண்ணப்பத்தை நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

பதில் உடனே வந்தது. ரங்கூன் கல்லூரி முதல்வரிடம் மாற்றுச் சான்றிதழ் பெற்று அனுப்பவும் என்றது. ரங்கூன் இப்போது ஜப்பானியர் கையில் இருக்கிறது என்று பணிவாக விளக்கி எழுதினோம். அதற்கும் பதில் வந்தது: முதல்வர் ஊரில் இல்லாவிட்டால், அவருடைய இடத்தில் பொறுப்பாக இருப்பவரின் கையெழுத்தும் ஏற்றுக்கொள்ளப்படும். அவருடைய இடத்தில் அப்போது பொறுப்பாக இருந்தது ஜப்பானிய ராணுவம். அம்மா மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

அண்ணனுக்குக் காய்ச்சல் அதிகமாகி நினைவில்லாமல் கிடந்த ஒரு மத்தியானம், கோட்டைத் துவைக்கலாம் என்று அம்மா கழற்றிக் கொடுத்தாள். உள்துணி ஓரிடத்தில் மொடமொடவென்றிருந்தது. தையலைப் பிரித்தேன். உள்ளே நான்காக மடித்த ஒரு கடிதம். ரங்கூன் கல்லூரியின் முத்திரை, முதல்வரின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. முதல் வருஷம் நன்றாகத் தேறி இரண்டாம் வருஷம் படிக்கும் இந்த மாணவர், வகுப்பறைக்கு வெளியே நின்று முதல்வரின் குரலில் பேசி, பாடத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டார். விரிவுரையாளரும் நம்பி வகுப்பைக் கலைத்துவிட்டார். ஆகவே மாணவர் ஒரு வாரம் கல்லூரிக்குள் நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது.

மாமா கண்ணில் படாமலிருக்கக் கோட்டுக்குள் வைத்துத் தைத்தவன், அதையும் சுமந்துகொண்டே பர்மாக் காட்டைக் கடந்திருக்கிறான்.

காய்ச்சல் தணிந்ததும் கேட்டேன். "அப்பாகிட்ட சொல்லிடாதே, உன் கால்ல வேணா விழறேன்" என்றான்.

"அண்ணா, முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. ஃபர்ஸ்ட் இயர் பாஸ்னு அவரே எழுதியிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

நகல் எடுத்து அனுப்ப வேண்டும். அசலைப் போன்றதே என்று தலைமை ஆசிரியர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவர்தான்.

அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பாஷையில பேசினே?"

"இங்கிலீஷ்லப்பா."

"கிராமர் தப்பு இல்லாம?"

"தப்பு இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டாங்கப்பா."

அப்பா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மே மாதத்தில் அந்தச் சட்டக் கல்லூரியின் முதல்வர் வெயிலுக்குப் பயந்து எங்கள் ஊருக்கு, மல்லேஸ்வரத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அசல் கடிதத்துடன் அங்கே வரும்படி அண்ணனுக்குச் செய்தி வந்தது. அப்பாவும் கிளம்பினார். எதையாவது திருத்தி அடிக்க வேண்டியிருக்கும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

முதல்வர் பனியனும் வேட்டியுமாக நாற்காலியில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யுத்தத்தைச் சொல்லிண்டு தினம் ஒருத்தன் போலிக் காகிதத்தோட வரான். இது அசல்னு நான் எப்படி நம்பறது? ஆனா ஒண்ணு. சின்ன வயசுல நான், இதுல கையெழுத்துப் போட்டிருக்கிற இந்த வெள்ளைக்காரர்கிட்ட ரெண்டு வருஷம் ரங்கூன்ல வாத்தியாரா இருந்தவன். எங்கே, அந்தக் குரல்ல பேசு பார்ப்போம்."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு அண்ணன் தொண்டையைக் கனைத்தான். ஒட்டி உலர்ந்திருந்த அந்த உடம்புக்குள்ளிருந்து ஒரு கிழ வெள்ளைக்காரரின் குரல் மூக்கு வழியாகப் புறப்பட்டது. கனவான்களே, நான் ஒரே ஒரு தடவைதான் சொல்வேன், ஒரே ஒரு தடவைதான், மறுபடி சொல்லவே மாட்டேன், ஒரே ஒரு தடவைதான் என்று ஆங்கிலத்தில் முழங்கியது.

முதல்வர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கை தானாகக் கழுத்தருகே போய்க் கோட்டுப் பொத்தானைத் தேடியது. பனியனில் பொத்தான் ஏது? எழுந்தது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"அசல்தான்" என்றார். "சேர்த்துக்கறேன். ஆனா என் காலேஜ்ல என் குரல்ல பேச மாட்டேன்னு எழுதிக் கொடுக்கணும். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

முப்பது வருஷத்துக்கு மேல் அண்ணன் இந்த ஊர்க் கோர்ட்டில் வாதாடினான். எந்தக் கேள்வி வந்தாலும் அவனிடம் பதில் தயாராக இருக்கும் என்பார்கள். அவன் பதிலில்லாமல் திணறியதை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது மல்லேஸ்வரத்திலிருந்து ஜட்கா வண்டியில் திரும்பிய அன்று. பாதி வழியில் அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"என் குரல் வருமாடா உனக்கு?"

அப்பா வீட்டில் இல்லாத நேரங்களில் எத்தனை முறை அந்தக் குரலை அண்ணனிடமிருந்து கேட்டுப் பயந்து நான் புத்தகத்தை எடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அண்ணன் விழித்தான், விழுங்கினான், கடைசியில் சொன்னான்:

"சட்டப்படி அதுக்கு நான் பதில் சொல்லணும்னு இல்லப்பா."

அப்பா சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. வண்டிக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யார் இப்படிச் சிரித்தது என்று எங்கள் மூவரையும் திரும்பிப் பார்த்தார். அப்பாவை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை.