கெட்டுப்போகும் லைட்

பிலோமியின் குரல் தெரியாத தெரு, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லையூரான கொழிஞ்சாம்பாறையில் கிடையாது. காணாமல் போன ஆடு, குழாயில் தண்ணீர் வராத நாள், மாதா கோவில் தேர், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, யார் வீட்டுச் சாவு என்று எல்லாச் சேதியும் அவளுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். தமிழில் சொல்லி, மூச்சு விடாமல் மலையாளத்திலும் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவாள்.

பிறந்தது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். படித்தது மலையாளப் பள்ளியில். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மழையும் பேச்சும் சேர்ந்த இரைச்சலை மீறிப் பேர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. இளநீர் லாரி ஓட்டும் மிக்கேல்ராஜைக் கட்டிக்கொண்டு கீழே வந்தாள். வீட்டில் சும்மா நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கரையில் ஓட்டிப் பழகி, இந்தத் தொழிலுக்குத் தானே ஆளானாள்.

டேங்க்கின் மேல் ஒரு பை. அதற்குள் ஆம்ப்ளிஃபயர். அதற்கு மின்சாரம், ஹேண்டிலின் பக்கத்தில் பொருத்திய ஒரு சின்ன சாக்கெட்டிலிருந்து. போன் சார்ஜ் செய்ய எல்லோரும் வைத்துக்கொள்கிறார்களே, அதே வகைதான். மின்சாரம் வந்தால் அதன் வாயைச் சுற்றி நீல வளையமாக ஒரு லைட் எரியும்.

அந்த லைட்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அதுவும் பக்கத்து ஊர் நல்லேப்பிள்ளியின் ரேக்ளா பந்தயம் நெருங்கிய நேரத்தில்.

மாட்டு வண்டிகள் பாய்ந்து வரும்போது மைக்கில் கத்தும் வேலை இதுவரை பொள்ளாச்சிக்காரர் ஒருவருடையது. பிலோமி நேராகப் பந்தயக் கமிட்டித் தலைவர் ஆறுமுகசாமியின் தோட்டத்துக்கே போய், அந்த மைக் தனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

"பொம்பளக் கொரலு மாட்டுக்குப் பத்துமா அம்மிணி?" என்றார் அவர்.

"மாட்டுக்குப் பத்துமான்னு தெரியலங்கய்யா. உங்களுக்குப் பத்தும்."

ஆறுமுகசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பந்தயத்துக்கு முந்துன நாளு ஊரெல்லாம் வெளம்பரம் பண்ணீட்டு என்ற ஊட்டு வாசலுக்கு வந்து சேரு. ஒருக்காக்கூடக் கொரலு நிக்காம வந்துட்டீன்னா மைக்கு உனக்கு. நின்னுதுன்னா பொள்ளாச்சிக்காரர வரச் சொல்லீருவேன்."

அந்த நாள் வந்தது. பிலோமி கிளம்பிப் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டவில்லை. ஸ்பீக்கர் சத்தம் அறுந்தது. வண்டியை அப்படியே தனபாலின் கடைக்குத் திருப்பினாள்.

தனபால் வண்டி எலக்ட்ரீஷியன். யாரிடமும் வேலை கற்றதில்லை. செத்துப்போன ஹாரனையும் ரிலேயையும் பிரித்துப் பார்த்தே படித்தவர். அவர் மனைவி ஜீவிதா முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் விற்பாள். பிலோமியின் வண்டியைப் பார்த்ததும் தனபால் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"மறுக்காவுங்களா அம்மிணி?"

"லைட் கெட்டுப் போகுதுண்ணே!"

முதல் தடவை வந்தபோதும் இதையேதான் சொன்னாள். லைட் கெட்டுப்போய்விட்டது என்று தனபால் புது சாக்கெட் மாட்டினார். அடுத்த தடவையும் இதே புகார். அதைவிட உசத்தியான ஒன்றை மாட்டினார். இரண்டு தடவையும் மீட்டர் வைத்துப் பார்த்தார், பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. போனைச் செருகினார், சார்ஜ் ஏறியது. குறையே இல்லை.

இப்போதும் சாவியைத் திருப்பினார். நீல வளையம் பளிச்சென்று எரிந்தது.

"ஏனுங்க, கண்ணத் தொறந்து பாருங்க. எரியுதுங்களா இல்லீங்களா? கெட்டுப்போன லைட்டு எப்புடிங்க எரியும்?"

"கெட்டுப் போகும்ணே. அப்புறம் தானா வரும்."

"கெட்டது தானா நல்லாவறதுக்கு இதென்ன மனுசனுங்களா?"

ஜீவிதா உள்ளேயிருந்து, "மனுசனும் அப்புடியெல்லாம் ஆவறதில்லீங்க" என்று குரல் கொடுத்தாள்.

பிலோமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "விளையாடாதீங்கண்ணே, சாயங்காலத்துக்குள்ள நான் நல்லேப்பிள்ளி போய்ச் சேரணும். கோவில்ல மெழுகுதிரி கொளுத்தி வைக்கோம். காத்தடிச்சா கெட்டுப் போகுதுல்ல? அந்த மாதிரித்தான் கெட்டுப் போகுது!"

தனபால் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"மெழுகுவத்தி... அணையுதுன்னு சொல்றீங்களா?"

"அதைத்தானே வந்த நாள்ல இருந்து சொல்லுதேன்!"

விளக்கு அணைந்தால் மலையாளத்தில் 'கெட்டுப்போயி' என்பார்கள். தனபாலுக்கும் அது தெரியும். மலையாளி யாராவது வந்து சொல்லியிருந்தால் முதல் நாளே சரியாகப் பிடித்திருப்பார். பிலோமி பேசியது தமிழ். அதனால் அந்த வார்த்தையையும் தமிழாகவே எடுத்துக்கொண்டார். பழுதான லைட்டுக்கும் அணைகிற லைட்டுக்கும் வைத்தியம் வேறு. அணைந்து அணைந்து எரிகிறது என்றால் சாக்கெட்டில் ஒன்றுமில்லை. வருகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ கோளாறு.

"எப்பெப்ப அணையுதுங்க?"

"ஏத்திச் சொல்லும்போது. மெதுவா சொன்னா ஒண்ணும் ஆகாது."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"எங்க கேட்டீங்க? வந்ததும் கழட்ட ஆரம்பிச்சிட்டீங்க."

தனபால் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியில் வைத்தார். "இப்ப ஏத்திச் சொல்லுங்க, பாக்கலாம்."

"ஆளில்லாம என்னத்தைச் சொல்ல?"

"மாடு ஓடறாப்பல சொல்லுங்கக்கா" என்று ஜீவிதா வெளியே வந்து நின்றாள்.

பிலோமி மைக்கைப் பிடித்தாள். "இதோ கிளம்பிருச்சு, நல்லேப்பிள்ளிச் செவலை! கழுத்து மணி குலுங்க, பாய்ஞ்சு வருது, பறந்து வரு..."

நின்றது. நீல வளையம் இருண்டது.

"அணஞ்சிருச்சு!" என்று தனபால் குதித்தார். "அணஞ்சே போச்சுங்க!"

"கெட்டுப் போனதுக்கு இப்படி ஒரு சந்தோஷமா?"

பேட்டரியில் முள் ஆடவில்லை. பாசிட்டிவ் கம்பியில் பார்த்தார், அங்கேயும் குறையவில்லை. கடைசியில் மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றைச் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் திரும்பும் எர்த்திலும் வைத்தார். அங்கே எப்போதும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். பிலோமி வாயை மூடியிருந்தவரை அப்படித்தான் காட்டியது. செவலை மறுபடி பாய்ந்ததும் ஏழுக்குப் போனது. பன்னிரண்டில் ஏழு வழியிலேயே போனால் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன மிஞ்சும்?

"போனுக்கு ஒத்தையடித் தடம் போதுமுங்க" என்றார் தனபால். "உங்க கொரலுக்கு மெயின் ரோடு வேணும்."

சீட்டைக் கழற்றினார். எர்த் வயரை வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் போல்ட் போட்டு மாட்டியிருந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே எல்லாமே வான நீலமாக இருந்தது.

"இதாருங்க பெயிண்ட் அடிச்சது?"

"மாதா தேருக்கு எங்க வீட்டுக்காரர்தான் அடிச்சாரு. அழகா இருக்குல்ல?"

"இருக்குதுங்க. எர்த்துக்கு அடியிலயும் அழகா இருக்குது."

வயரைக் கழற்றி, பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே மறுபடி முறுக்கியிருந்தார் மிக்கேல்ராஜ். இரும்பை இரும்பு தொடவில்லை. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஒழுகித் திரும்பிக்கொண்டிருந்தது. தனபால் உப்புத்தாளை மடித்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். துணியால் துடைத்து, போல்ட்டை இறுக்கினார். பிலோமி சாவிக்குக் கையை நீட்டினாள்.

"இருங்க." தடித்த கறுப்பு வயர் ஒன்றை வெட்டி, சாக்கெட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராகவும் ஓட்டினார். "இப்பக் கத்துங்க."

பிலோமி கத்தினாள். செவலை பாய்ந்தது, மயிலை துரத்தியது, நுகம் முறியப் பார்த்தது, சாரதி எழுந்து நின்றான். வளையம் சிமிட்டவே இல்லை. முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. அந்த வழியே வந்த பொள்ளாச்சி பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. டிரைவர் தன் பங்குக்கு ஹாரனை அடித்தார். ஜீவிதா கல்லாவை மறந்து கைதட்டினாள்.

பிலோமி விளம்பரத்தை முதல் தெருவிலிருந்து மறுபடி தொடங்கிக் கிளம்பினாள். தனபாலுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். குரல் நிற்கவில்லை. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆறுமுகசாமி வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். பிலோமி வண்டியை அணைக்காமல், அவர் காளைகளின் பேரைச் சொல்லி ஒரு முழு ஓட்டத்தையும் அங்கேயே ஓட்டிக் காட்டினாள். தொழுவத்துக்குள் காளைகள் கால் மாற்றி நின்று தும்பை இழுத்தன.

ஆறுமுகசாமி திரும்பி அவற்றைப் பார்த்தார். பிறகு போனில், "பொள்ளாச்சிக்காரரே, நாளைக்கு நீங்க பந்தயம் பாக்க மட்டும் வாங்க. மைக்குக்கு இங்கயே ஆளு இருக்குது" என்றார்.

மறுநாள் எல்லைக்கோட்டின் பக்கத்தில் பிலோமியின் வான நீல வண்டி நின்றது. முதல் ஜோடி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது அவள் சீட்டின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். கூட்டம் முழுக்க வண்டிகளைப் பார்த்துக் கத்தியது. தனபால் மட்டும் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டி, நீல வளையத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.