என் மனைவிக்குக் கிடைத்த ஜப்பானிய வேலை

என் மனைவிக்கு வேலை கிடைத்த செய்தியைச் சபையில் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாஸ்டர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் பொறாமையில் அழுதேன். அது ஆண்டவருக்கு மட்டும் தெரியும். இன்று உங்களுக்கும் தெரியட்டும்.

என் பெயர் சாமுவேல். தெல்தோட்டையில் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழுந்து பறித்த கைகளால்தான் அம்மா என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். அங்கே நான் ஜப்பானிய மொழியைச் சிறப்புப் பாடமாக எடுத்தேன். எங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். நானும், கண்டி கட்டுக்கலையிலிருந்து வந்த எஸ்தரும். விரிவுரை சிங்களத்தில் நடக்கும், புத்தகம் ஜப்பானிய மொழியில் இருக்கும். நாங்கள் இருவரும் நூலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் பேசிப் பேசித்தான் புரிந்துகொண்டோம். அந்தப் பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. பட்டத்தில் எனக்கு முதல் வகுப்பு. அவளுக்கு இரண்டாம் வகுப்பு. இதை அவள் மறந்திருப்பாள். நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஜப்பான் படித்தவனுக்கு வேலைக்கா பஞ்சம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வெளியே வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஜப்பானுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் முதியோரைப் பராமரிக்கவும் தொழிற்சாலையில் நிற்கவும் ஆள் கேட்டார்கள். பட்டத்தை யாரும் கேட்கவில்லை. கொழும்புக் கம்பனிகள் மொழியோடு கணக்கியலும் தெரியுமா என்று கேட்டன. பாடசாலை நியமனம் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. கடைசியில் நான் கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடையில், வருகிறவர்களின் போனுக்குக் காசு ஏற்றி ரீலோட் போட்டுக்கொண்டிருந்தேன். வத்தேகமயில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

கண்டிப் பெரஹரா திருவிழா முடிந்த கையோடு அந்த விளம்பரம் வந்தது. இங்கிருந்து தேயிலையும் வாசனைத் திரவியமும் ஏற்றுமதி செய்யும் ஒரு ஜப்பானியக் கம்பனி கண்டியில் அலுவலகம் திறந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை. நாங்கள் இரண்டு பேருமே விண்ணப்பித்தோம்.

“யாருக்குக் கெடைச்சாலும் ஒரே வீடுதானே சாம்” என்று எஸ்தர் சிரித்தாள்.

நேர்முகத் தேர்வில் வயதான ஜப்பானியர் ஒருவர் மிக வேகமாக ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது. காட்டிக்கொள்ளாமல் அழகான மொழியில் ஒரு பதில் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவளிடமும் அதே கேள்விதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: “எனக்கு வெளங்கவே இல்ல. ‘மன்னிச்சிருங்க, இன்னொரு தடவ சொல்லுங்க’ன்னு கேட்டேன். அப்பவும் வெளங்கல. மறுபடியும் கேட்டேன்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவள் தோற்றுவிட்டாள் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

வேலை அவளுக்குக் கிடைத்தது.

அதன்பிறகு என் வீட்டில் நானே ஒற்றனானேன். அவள் போனில் ஜப்பானிய மொழி பேசும்போது பக்கத்து அறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். எங்கே பிழை விடுவாள் என்று காத்திருப்பேன். ஒரு பிழை அகப்பட்டால் அன்று சோறு ருசிக்கும். அவள் பரிமாறும்போது சொல்லுவேன்: “அங்க ‘நி’ங்கிற உருபு வராது. ‘தெ’ வரணும்.”

“ஆமால்ல! நல்லவேள சொன்னீங்க சாம்.”

அவள் உண்மையாகவே நன்றி சொன்னாள். அது என்னை இன்னும் எரித்தது.

ஒவ்வொரு மாலையும் இருவரும் முழங்காலில் நிற்போம். “சாமுக்கும் ஒரு நல்ல வேலையக் குடுங்க ஆண்டவரே” என்று அவள் சத்தமாக ஜெபிப்பாள். அவளுடையதைவிடப் பெரிய வேலை வேண்டும் என்று நான் மனதுக்குள் கேட்பேன். மாதக்கணக்கில் கேட்டேன். வானம் செம்புத் தகடு போல மூடிக் கிடந்தது.

பிறகு கம்பனி அவளைப் பயிற்சிக்காக ஜப்பானுக்குத் தெரிவு செய்தது. மூன்று மாதம். தோக்கியோ ரயில் பாதைகளின் பெயரெல்லாம் மனப்பாடமாகச் சொன்னவன் நான். கடவுச்சீட்டு எடுத்தவள் அவள்.

“போகவா, வேணாமா? நீங்க சொல்லுங்க” என்றாள்.

“ஒன் இஷ்டம்.”

சாப்பாட்டுத் தட்டை அவள் தள்ளி வைத்தாள். “எனக்கு ஒரு நல்லது நடந்தா நீங்க வேற பக்கம் பாக்குறீங்க சாம். எனக்கு இந்த வேலையே வேணாம்னு வருது. நாளைக்கே எழுதிக் குடுத்துரவா?”

அந்த நொடியில், சரி, எழுதிக் கொடு என்று என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் நேசித்துக் கட்டிய பெண் எதிரில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் விழவேண்டும் என்று நான் காத்திருக்கிறேன். இது என்ன மாதிரி வியாதி?

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் சபைக்கு நடந்து போனேன். தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து, வாய்விட்டே சொன்னேன்: “ஆண்டவரே, எனக்கு வேலை தாரும் என்று இனிக் கேட்க மாட்டேன். அவளுடைய சந்தோஷம் என்னைக் குத்துகிறது. என்னால் இதை எடுத்துப்போட முடியவில்லை. நீரே எடுத்துப்போடும்.”

வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. “தம்பி, கால கொஞ்சம் தூக்குங்க” என்று தரை கழுவிய அக்காதான் சொன்னார். காலைத் தூக்கிக்கொண்டு அழுதேன்.

அன்று மாலை எஸ்தரிடம், “போயிட்டு வா” என்றேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் போன பிறகு, தினமும் காலையில் வத்தேகம பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினேன். எஸ்தர் பேசுவது அங்குள்ளவர்களுக்கு விளங்கட்டும். எஸ்தருக்கு நல்ல பெயர் வரட்டும். முதல் வாரத்தில் ஒவ்வொரு வார்த்தையும் கசாயம் போல இறங்கியது. மனம் வேறொன்று சொன்னது, வாய் இதைச் சொன்னது. ஆனாலும் விடவில்லை.

ஒருநாள் பிற்பகல் கடையில் நிற்கும்போது அழைத்தாள். வீடியோவில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெளியிலிருந்து வந்த வாடிக்கையாளரிடம் தன் மேலதிகாரியை மரியாதைக்கான ‘சான்’ சேர்த்து ‘தனாக்கா சான்’ என்று சொல்லிவிட்டாளாம். எல்லோர் முன்னாலும் அவளுக்கு ஏச்சு விழுந்ததாம்.

“மரியாதையாத்தானே சாம் சொன்னேன்! அதுல என்ன பிழை? எனக்கு இந்த மொழி வராது. நான் திரும்பி வந்துர்றேன்.”

அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு கணம் காத்திருந்தேன். வழக்கமாக எட்டிப் பார்க்கும் அந்தச் சின்ன சந்தோஷத்துக்காகத்தான் காத்திருந்தேன். அது வரவில்லை. நெஞ்சுக்குள் தேடியும் இல்லை. அவளை ஏசியவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய கண்ணீர் எனக்கு வலித்தது. சகோதர சகோதரிகளே, என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் அறிந்துகொண்டது அந்தக் கடைக் கவுண்டருக்குப் பின்னால்தான்.

“அழாத, கேளு” என்றேன். “நம்ம வீட்டுக்கு மாப்பிள்ள வீட்டாளுங்க வந்தா ஒங்கம்மா என்ன சொல்லுவாங்க? ‘எம் பொண்ணுக்கு ஒன்னும் தெரியாதுங்க, நீங்கதான் பாத்துக்கணும்’னு சொல்லுவாங்கல்ல? நம்மாள நாமளே தாழ்த்தித்தான் வெளியாளுக்கு மரியாத குடுக்கிறது. அவங்க கம்பனிதான் இப்ப ஒன் வீடு. வெளியாள்கிட்ட பேசுறப்போ மேனேஜருக்கும் ‘சான்’ போடக்கூடாது. வெறும் ‘தனாக்கா’தான்.”

அவள் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “இத ஏன் யாரும் இப்பிடிச் சொல்லித் தரல?”

கவுண்டருக்கு முன்னால் இன்னொரு சிரிப்புச் சத்தமும் கேட்டது. ரீலோட் போட வந்த பெண். பெயர் செல்வராணி, ஹுன்னஸ்கிரியவைச் சேர்ந்தவள். கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதிக்கு உதவியாளராக இருந்தாள்.

“சேர், நானும் ஜப்பான் போகத்தான் கிளாஸ் போறேன். சிங்களத்துலதான் நடக்குது, எனக்குப் பாதி வெளங்குறதில்ல. இந்த ‘சான்’ கத ரெண்டு மாசமா மண்டைய ஒடச்சுச்சு. இப்பத்தான் வெளங்குச்சு. எங்களுக்குத் தமிழ்ல சொல்லித் தருவீங்களா? இன்னும் நாலு பேர் இருக்கோம்.”

பாஸ்டரிடம் கேட்டேன். ஞாயிறு பாடசாலை அறையைத் தந்தார். முதலில் அந்த ஐந்து பேர். பிறகு தெல்தோட்டையிலிருந்து வந்தார்கள், அக்குறணையிலிருந்து முஸ்லிம் பிள்ளைகள் வந்தார்கள். சொல் வரிசை ஒன்றுபோல இருப்பதால் ஜப்பானிய வாக்கியத்தைத் தமிழ் வாக்கியத்தின் மேல் அப்படியே வைத்துக் காட்டலாம் என்பதை நாங்கள் நூலகத்தில் கண்டுபிடித்திருந்தோம், அதையே சொல்லிக்கொடுத்தேன். செல்வராணி பரீட்சையில் சித்தியடைந்தபோது, அவள் படித்த அதே நிறுவனம் என்னை அழைத்துத் தமிழ்ப் பிரிவுக்கு ஆசிரியராக்கியது. வேலை தாரும் என்று கேட்பதை விட்ட பிறகு வந்த வேலை அது.

எஸ்தர் நல்ல பெயரோடு பயிற்சியை முடித்துத் திரும்பினாள். விமான நிலையத்தில் அவளுடைய சான்றிதழை முதலில் வாங்கிப் பார்த்தவன் நான். வாசித்ததும் சத்தமாக “ஸ்தோத்திரம்” என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கும் என்னைவிட அவளுக்குத்தான் சம்பளம் கூட. இன்றைக்கும் தெரியாததை அவள் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். நானும் இப்போது வகுப்பில் எனக்குத் தெரியாத சொல் வந்தால் தெரியாது என்கிறேன்.

நோய் நீங்கியவர்களும் கடன் தீர்ந்தவர்களும் இங்கே நின்று சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். என் வியாதி வெளியே தெரியாத வியாதி. உங்களில் சிலருக்கும் அது இருக்கலாம். அண்ணன் கட்டிய புது வீட்டைப் பார்க்கும்போது, கூடப் படித்தவளுக்கு விசா வந்தது என்று கேள்விப்படும்போது, உள்ளே ஒன்று கடிக்கிறதல்லவா? அதை மறைத்துக்கொண்டு ஜெபிக்காதீர்கள். அப்படியே எடுத்து அவர் முன் வையுங்கள். எரிச்சலோடு இருந்தாலும், நம்பிக்கை குறைவாக இருந்தாலும், அந்த ஆளுக்கு நல்லது வரட்டும் என்று கேளுங்கள். கசக்கும். என்னைக் கேட்டவர் உங்களையும் கேட்பார்.

யாருடைய பெயரைச் சொல்ல உங்கள் வாய் மறுக்கிறதோ, அந்தப் பெயரிலிருந்து இன்றைக்கே தொடங்குங்கள்.