கம்பவுண்டரின் இருநூறு பொத்தான்கள்

பாலராமபுரத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரையைத் தாண்டிய பிறகுதான் இடதுகால் கனப்பதைக் கவனித்தேன். முந்திய நாள் பனங்கருக்கு ஒன்று குதிகாலை அறுத்திருந்தது. வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தேன், அவ்வளவுதான். பஸ் ஓடவில்லை. தமிழ் பேசும் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று கட்சி கடையடைப்புச் சொல்லியிருந்த நாள். சாலையில் அங்கங்கே தென்னந்தடிகள் குறுக்கே கிடந்தன. ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனேன். பாலராமபுரத்தில் தறிக்குப் பாவு போடும் இடத்தில் எட்டு மாதம் இருந்தேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எல்லாவற்றையும் பாதியில் விட்டே பழகியிருந்தேன். ஓரிடத்தில் யாராவது முகம் கறுத்தால் மறுநாள் காலையில் நான் அடுத்த ஊரில் இருப்பேன்.

கொல்லயிலைக் கடந்து குன்னத்துகாலுக்குப் பிரியும் வழியில், ஓர் ஓட்டுக் கட்டடத்தில் சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் கம்பவுண்டர்தான். கடைசிவரை அவரைக் கம்பவுண்டர் என்றே அழைத்தேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என்னைவிட இரண்டு வயது இளையவர். கொல்லத்துப் பக்கத்து மலையாளி. பதினேழு வயதில் மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே தமிழ்க் கூலிக்காரர்களுக்குக் கட்டுப் போட்டுப் போட்டே தமிழ் பேசக் கற்றவர். அதனால் திட்டுவதற்கும் தேற்றுவதற்கும் அவரிடம் தாராளமாகத் தமிழ் இருந்தது. நடுவில் உள்ளதற்கெல்லாம் மலையாளம்.

என் காலைக் கழுவி டிஞ்சர் போட்டுக் கட்டிவிட்டு, “ஒரு வாரம் நடக்கக்கூடாது” என்றார்.

“நடக்காம என்ன செய்ய?”

“இருக்கணும். சும்மா இருக்க வேண்டாம், விளையாடலாம்” என்று சொல்லி மேசைக்கடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தார்.

மருந்துப் பெட்டியின் மூடி அது. அதன்மேல் கறுப்பு மையில் குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது கோடு. கறுப்புக் காய்க்குக் கல்வாழை விதை. வெள்ளைக்குச் சட்டைப் பொத்தான். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோன பட்டாளத்து மருந்துக்காரன் ஒருவன் கற்றுத் தந்தானாம். விளையாட்டின் பெயர் கோ. ஊர் திரும்பிய நாளிலிருந்து எதிரே உட்கார அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. சீட்டாடுகிறவர்களைக் கேட்டிருக்கிறார், பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டிருக்கிறார். ஒருவரும் இரண்டாம் நாள் வரவில்லை. குதிகால் அறுபட்ட நான் எழுந்து ஓட முடியாதவன் என்பதால் அகப்பட்டேன்.

முதல் விதையைக் கட்டத்துக்குள் வைத்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “வயலுக்கு எல்லைக்கல்லு எங்க நடுவாங்க? நடுவயல்லயா, மூலையிலயா?” மூலையில் என்றேன். “அப்ப இங்கயும் அங்ஙனதான்.” கோடும் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்துக்கு விதையை நகர்த்தி வைத்தார். இரண்டாவது விதையை வைத்ததும் என் கை தானாக முதல் விதையை நகர்த்தப் போனது. ஆடுபுலி ஆடிய கை. “கைய எடு. வச்சா வச்சதாக்கும். இந்தக் கல்லுக்குக் காலு கிடையாது.” பின்னே எப்படி ஜெயிப்பது என்று கேட்டேன். வளைக்க வேண்டும் என்றார். ஒரு பொத்தானை நாலு பக்கமும் விதையால் அடைத்தால் அது செத்தது, எடுத்துவிடலாம். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்து வைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி. சட்டம் இவ்வளவுதான். நகராத காய்களை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்று எனக்கு வெறுத்துப் போனது.

அதைவிட வெறுப்பு, நான் தோற்ற விதம். என் விதை ஒன்றை அவர் மூன்று பக்கம் அடைப்பார். மிச்சம் இருக்கிற வழியில் இன்னொரு விதையைச் சேர்த்து நான் தப்பிப்பேன். அவர் மறுபடி அடைப்பார். நான் மறுபடி தப்பிப்பேன். இப்படியே படிப்படியாகச் சரிந்து பலகையின் விளிம்புவரை போய் முட்டிக்கொள்வேன். ஒன்று போக வேண்டிய இடத்தில் பதினைந்து போயிருக்கும். அவர் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பக்கம் குவித்துவிட்டு, “ஒண்ணு போனா போட்டும்னு விடணும். ஓட ஓட சாவு கூடும்” என்பார். தெரிந்தும் அடுத்த ஆட்டத்தில் அதையே செய்வேன்.

ஒரு வாரம் மூன்று மாதமாயிற்று. புண் ஆறிய பிறகும் அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. காலையில் ஒரு கொப்பரைக் கிட்டங்கியில் தேங்காய் உரித்தேன், அங்கேயே படுத்துக்கொண்டேன். மதியத்துக்குமேல் ஆஸ்பத்திரி. அவர் யோசிக்கும்போது கீழுதட்டைப் பிடித்து இழுத்துக்கொள்வார். நான் அபூர்வமாக நல்ல இடத்தில் வைத்துவிட்டால், வரிசையில் நிற்கும் நோயாளியைக்கூட மறந்து, “எடா, இது யாரு படிப்பிச்சது?” என்று கேட்பார். அவர்தான் படிப்பித்தார். அவருக்கும் அது தெரியும். எனக்காக யாரும் அதற்கு முன்னால் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கிட்டங்கியை ஒட்டி ஒரு தையல்கடை. தையல்காரர்தான் கட்சியின் உள்ளூர்க் காரியதரிசி. மிஷன் சபைக்காரர், நல்ல உயரம், கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. அவர் கடையில் தையல் இயந்திரம் ஓடும் நேரத்தைவிடக் கூட்டம் நடக்கும் நேரம் அதிகம். அந்த நாட்களில் எங்கே பார்த்தாலும் ஒரே கணக்குத்தான்: எந்த ஊரில் எத்தனை வீடு தமிழ், எத்தனை வீடு மலையாளம். எல்லை எங்கே விழும் என்பதை அது தீர்மானிக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். கையில் தாளும் பென்சிலுமாக ஓர் அந்நியன் வந்தாலே பின்னால் ஆள் போகும். கம்பவுண்டரோ அம்மை குத்துவதற்காக வீடுவீடாக ஏறி இறங்கிப் பெயர் எழுதுகிறவர். வடக்கே இருந்து வந்தவர் வேறு.

ஒருநாள் அவர் எனக்கு ஒரு தாள் கொடுத்தார். பத்தொன்பது கோடும் வரைந்து, கறுப்புப் புள்ளிகளும் வெள்ளை வட்டங்களும் போட்டிருந்தார். ஒரு மூலையில் கறுப்புக் கூட்டத்தை வெள்ளை சுற்றி வளைத்திருந்தது. கறுப்பு ஒரே ஒரு விதை வைத்துப் பிழைக்க வேண்டும், எங்கே வைப்பது? “ராத்திரி ஆலோசிச்சு நாளைக்குச் சொல்லு” என்றார். மறுநாள் குனிந்து தேங்காய் உரிக்கும்போது அந்தத் தாள் மடியிலிருந்து விழுந்தது. எடுத்தது ஒரு கட்சித் தொண்டன். எனக்கு முன்னால் அது தையல்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் போனபோது காரியதரிசி அதைத் துணி வெட்டும் மேசையில் விரித்து வைத்திருந்தார். சுற்றிப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். “பாருங்கலே, கறுப்பு நம்ம வீடு. வெள்ள அவனுவ வீடு. இந்த மூலையில நம்மள சுத்தி வளச்சுப் போட்டிருக்கான்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “எலே மக்கா, இது யாரு தந்தது?”

அவர் குரல் தணிவாகத்தான் இருந்தது. என் பின்னால் நின்றவன் தேங்காய் உரிக்கும் பாரையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். தெரியாது என்று கைவிரித்தேன்: “எனக்கு ஒண்ணும் அறிஞ்சுகூடா. கம்பவுண்டர் தந்தாரு. மடியில வச்சேன்.”

இதை எழுதாமல் விட்டுவிட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை. மூன்று மாதம் என் எதிரே உட்கார்ந்த மனிதரை ஒரே மூச்சில் காட்டிக்கொடுத்துவிட்டேன். காரியதரிசி எழுந்தார். “போன வருஷம் எங்கிட்ட இருநூறு பொத்தான் வாங்கினான், கேட்டியளா. கல்யாணம் ஆகாத ஒத்த மனுஷன். ஒரு சட்டைக்கு ஆறு பொத்தான். இருநூறு என்னத்துக்கு? அப்பமே நினைச்சேன்.” எல்லாரும் ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தார்கள். அன்று அவரைச் சாலையில் இழுத்துப் போட்டால் கேட்க ஒருவர் இல்லை. போலீஸ் வர வேண்டுமென்றால் பாறசாலையிலிருந்து வர வேண்டும்.

என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. தெற்கே போகும் வழி திறந்து கிடந்தது. நான் அதில் கொஞ்ச தூரம் நடக்கவும் செய்தேன். ஒரு கலுங்குப் பாலம்வரை போயிருப்பேன். திரும்பி ஓடினேன். ஏன் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஊரில் போய் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று முதன்முறையாக எனக்கு விளங்கவில்லை.

கம்பவுண்டர் ஒரு கிழவியின் புட்டியில் கலவை மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தார். “வரிசையில நிக்கணும்” என்றார், தலை நிமிராமல். காரியதரிசி தாளை மேசைமேல் அடித்து வைத்தார். “இது என்ன ஓய்? உங்க ஆளுகிட்ட கேட்டோம். அவனுக்கு ஒண்ணும் அறிஞ்சுகூடாதாம். நீருதான் தந்தீருன்னு சொல்லுதான்.”

வாசலில் மூச்சிரைக்க நின்ற என்னைக் கம்பவுண்டர் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் புட்டியை மூடிக் கிழவியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அவன் சொன்னது சத்தியமாக்கும். மூணு மாசமா படிப்பிக்கேன். அவனுக்கு ஒண்ணும் அறிஞ்சுகூடா.”

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்த இடைவெளியில் நான் உள்ளே புகுந்து, “விளையாட்டாக்கும் அண்ணாச்சி, வீட்டுக் கணக்கில்ல. சத்தியமா விளையாட்டு” என்றேன்.

“சவம், விளையாட்டா? அப்ப விளையாடிக் காட்டுங்கலே” என்றார் காரியதரிசி.

பலகையை நடுக்கூடத்தில் வைத்தோம். நான் கறுப்பு. “கறுப்பு நம்மாளு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கம்பவுண்டர் ஜெயித்தால் கூட்டம் என்ன செய்யும்? எனக்காக விட்டுக்கொடுத்து ஆடுவார் என்று நினைத்தேன், வேண்டவும் செய்தேன். அவர் அப்படி ஆடவில்லை. வழக்கம்போல உதட்டை இழுத்துக்கொண்டு, வழக்கம்போல என் ஒரு விதையை மூன்று பக்கம் அடைத்தார். நான் வழக்கம்போல ஓடினேன். பன்னிரண்டு பேரும் பின்னால் நின்று “விடாத, ஓடுலே, ஓடு” என்று கத்தினார்கள். விதை விதையாகச் சரிந்து விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது காரியதரிசியின் கை என் தோளில் விழுந்தது. “எலே, நில்லுலே மடையா. அது போச்சு. என்னத்துக்கு அதுக்குப் பின்னால ஓடுத? இஞ்ச பாரு, இந்த மூலை சும்மா கிடக்கு. இதப் பிடி.”

அவர் காட்டிய இடத்தில் வைத்தேன். கம்பவுண்டர் நிமிர்ந்து, என்னை அல்ல, காரியதரிசியைப் பார்த்தார். “மூலை சரிதான். ஆனா ஒரு கோடு இங்ஙோட்டு வச்சா கொள்ளாம்” என்று பக்கத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். “அது எதுக்கு ஓய்?” என்று காரியதரிசி குனிந்தார். அவ்வளவுதான். வேடிக்கை பார்ப்பவன் யோசனை சொல்லத் தொடங்கிவிட்டால் அது விளையாட்டுத்தான். வேறு சாட்சி வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பாரை வைத்திருந்தவன் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு என் காதில் தப்புத் தப்பாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். நான் மிகக் கேவலமாகத் தோற்றேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, எந்த விதையை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குள் சண்டை. காரியதரிசி ஒரு பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “இது நம்ம கடைப் பொத்தானாக்கும்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எல்லை பிறகு வந்தது. விளவங்கோடு சென்னையோடு போயிற்று, நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் மலையாளப் பக்கமே நின்றது. காரியதரிசியின் வீடும் தையல்கடையும் நின்ற இடத்திலேயே நின்றன. கம்பவுண்டர் அதற்கு முன்பே வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார். மறுபடி நான் அவரைப் பார்க்கவில்லை. வெகுகாலம் கழித்துத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஜப்பான் கப்பல்காரர்கள் இரண்டு பேர் தளத்தில் உட்கார்ந்து அதே விளையாட்டை ஆடக் கண்டேன். அவர்களுடையது வழவழப்பான நிஜக் கற்கள். ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். “அது போச்சு, விடு” என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்டான்.

கூட்டம் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்கு, எல்லாரும் போன பிறகு நானும் கம்பவுண்டரும் பொத்தான்களை டப்பாவில் போட்டோம். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் விதைகளைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது இதுதான்: “அந்தக் கணக்குப் போட்டியா? கறுப்பு எங்க வச்சா பிழைக்கும்?” இல்லை என்றேன். “நாளைக்குக் காலம்பற வா. இங்க தண்ணி கோர ஆள் இல்ல. புட்டி கழுவவும் இல்ல.”

“வாறேன்” என்றேன்.

மறுநாள் காலையில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். தொட்டி நிறையத் தண்ணீர் கோர வேண்டும், பிறகு புட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். வரிசையில் முதல் ஆளாகக் காரியதரிசி நின்றிருந்தார்.

“என்ன சுகக்கேடு?” என்று கம்பவுண்டர் கேட்டார்.

“வயிறு வலியாக்கும்.”

“எவிட?”

காரியதரிசி வயிற்றைத் தொடவே இல்லை. அவர் கண் மேசைக்கடியில் கிடந்த பலகைமேல் இருந்தது. நான் உட்காரும் முக்காலியை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.